நாலு மணிக்கு வாய் கேட்பது: குடல் பக்டீரியாவும் சாப்பாட்டு ஆசையும், புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பின்னேரம் நாலு மணியானால் எனக்கு ஒரு பணிஸ் வேண்டும். பசி இருக்காது. ஒன்றரைக்குத்தான் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டிருப்பேன். ஆனாலும் மாலை வகுப்பு முடித்து வரும் வழியில், சந்திக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சீனி தூவிய பணிஸ் தெரிந்தால் சைக்கிள் தானாக நின்றுவிடும். கூடவே மூன்று கரண்டி சீனி போட்ட பால்தேத்தண்ணி. இப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. பிறகு ஒரு நாள் இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டொக்டர். அன்றே பணிஸை விட்டேன். ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இவ்வளவு காலமும் ஆசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆசைக்குப் பங்காளியாக உள்ளே இருக்கும் கூட்டத்துக்கு நான் என்ன தீன் போடுகிறேன் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தீனை மாற்றினால் கேட்கும் குரலும் மெல்ல மெல்ல மாறுகிறது. என்னைப் போல நாலு மணிக்கு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேண்டிய சாமான் எல்லாம் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் கிடைக்கும்.

முதலில், உள்ளே இருப்பது யார்?

ஒரு வளர்ந்த ஆளின் உடம்பில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் ஒரு கணக்கு வெளிவந்தது. எங்கள் சொந்தக் கலங்களோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடிதான். அவ்வளவு பக்டீரியாவையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோவுக்கும் குறைவாகவே வரும். பெரும்பங்கு இருப்பது பெருங்குடலில்.

பெருங்குடலில் என்பதைக் கவனியுங்கள். பணிஸில் உள்ள வெள்ளை மாவும் சீனியும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கீழே இருக்கும் கூட்டத்துக்குப் போய்ச் சேருவது எங்களால் சமிக்க முடியாத மிச்சம்: நார்ச்சத்து, சமிக்காத மாப்பொருள், வெங்காயம் உள்ளியில் இருக்கும் இனுலின் என்ற நார் வகைகள். அவை வராவிட்டால் அந்தக் கூட்டம் என்ன செய்யும்? 2016இல் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நார்ச்சத்தை நிறுத்தியதும் பக்டீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்ப பணிஸ் சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரி, அதுகள் பட்டினி, என்ன ரீச்சர்?" என்று கேட்டாள். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அவை எப்படி எங்கள் வாயை ஆட்டிவைக்கும்?

மூன்று வழி சொல்லலாம். முதலாவது, பக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும்போது அசற்றேற்று, புரோப்பியோனேற்று, பியூட்டிரேற்று என்ற சிறிய கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. இவை குடற்சுவரில் உள்ள சில கலங்களைத் தூண்டி, "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று மூளைக்குச் சொல்லும் ஓமோன்களைச் சுரக்கச் செய்கின்றன. நார் குறைந்தால் இந்தச் செய்தியின் சத்தமும் குறையும். இரண்டாவது வேகஸ் நரம்பு. குடலில் இருந்து நேரே மூளைத் தண்டுக்குப் போகும் தந்திக் கம்பி அது. மூன்றாவது இரசாயனங்கள். மனநிலையிலும் பசியிலும் கைவைக்கும் செரட்டோனின் என்ற இரசாயனத்தில் ஏறத்தாழ 90 வீதம் குடலில்தான் உண்டாகிறது. அது நேரடியாக மூளைக்குள் நுழையாது, ஆனால் அதைச் செய்யத் தேவையான டிரிப்டோபான் என்ற அமினோவமிலம் நுழையும். இரத்தத்தில் டிரிப்டோபான் எவ்வளவு ஓடுகிறது என்பதில் பக்டீரியாக்களுக்கும் ஒரு கை உண்டு.

பக்டீரியாக்கள் தங்கள் நலனுக்காக எங்கள் சாப்பாட்டு ஆசையைத் திருப்பக்கூடும் என்ற கருத்தை 2014இல் ஜோ அல்கொக், கார்லோ மாலி, அத்தீனா அக்டிபிஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். அது ஒரு கருதுகோள். விலங்குகளில் அதற்குச் சான்று சேர்ந்துகொண்டு வருகிறது. பழ ஈக்களுக்கு அத்தியாவசிய அமினோவமிலம் ஒன்றைக் கொடுக்காமல் விட்டால் அவை புரதத்தைத் தேடி நொதியத்தில் போய் விழும். ஆனால் அசிட்டோபக்டர், லக்டோபசிலஸ் என்ற இரண்டு வகையும் அவற்றின் குடலில் சேர்ந்து இருந்தபோது அந்தத் தேடல் அடங்கியது. இது 2017இல் வந்த ஆய்வு. 2022இல் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில், குடலில் பக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளை எடுத்தார்கள். வேறு வேறு உணவு தின்னும் மூன்று வகைக் காட்டுக் கொறிணிகளின் பக்டீரியாக்களை அவற்றுக்குக் கொடுத்தார்கள். சாப்பாட்டைத் தாங்களே தெரிவு செய்ய விட்டபோது ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு விதமாகத் தெரிவு செய்தது. உணவைத் தொடுவதற்கு முன்பே அவற்றின் இரத்தத்தில் டிரிப்டோபான் அளவும் வேறுபட்டிருந்தது.

மனிதரில் இவ்வளவு நேரடியான நிரூபணம் இன்னும் வரவில்லை. ஆகவே "என் பக்டீரியாதான் கொத்துரொட்டி கேட்குது" என்று பழியை முழுக்க அதன் தலையில் போட வேண்டாம். பழக்கம், நித்திரைக் குறைவு, மனச்சுமை, கடைவாசலில் எழும்பும் மணம் எல்லாம் சேர்ந்துதான் ஆசை. ஆனால் சாப்பாட்டை மாற்றினால் குடல் பக்டீரியா மாறும் என்பது மனிதரில் தெளிவாகத் தெரிந்த விஷயம். கீழே சொல்லும் படிகள் அதை நம்பித்தான்.

படி 1: ஒரு கிழமைக்கு எதையும் மாற்றாதீர்கள்

ஒரு பழைய கொப்பி எடுங்கள். வாய் கேட்கும் ஒவ்வொரு முறையும் நாலு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன கேட்டது, அதற்கு முன் கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், முதல்நாள் எவ்வளவு நேரம் நித்திரை. சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்று எழுதுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லை.

என் கொப்பியில் ஐந்தாம் நாளே விஷயம் பிடிபட்டது. காலையில் பாணும் பருப்பும் அவசரமாகச் சாப்பிட்டுப் போன நாட்களில் நாலு மணி ஆசை கடுமையாக இருந்தது. குரக்கன் புட்டு அவித்த ஒரேயொரு நாள், பணிஸ் நினைவு வந்தபோது ஐந்தரை மணி.

எழுதும்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பச்சை அரிசி, ஐஸ், மண், சாம்பல் போன்றவற்றைத் தின்ன ஆசை வந்தால் அது வேறு கதை. இரும்புச்சத்துக் குறைபாட்டில் அப்படி வரும், முக்கியமாகப் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும். இரத்தம் பரிசோதித்துப் பாருங்கள்.

படி 2: கழிக்க முன் கூட்டுங்கள்

நான் விட்ட பெரிய பிழை இதுதான். பணிஸை நிறுத்தினேன், அந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. இந்தக் கிழமை சீனியைத் தொடாதீர்கள். நார்ச்சத்தை மட்டும் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. வெள்ளைப் பாணும் வெள்ளை மா இடியப்பமும் சாப்பிட்டுக்கொண்டு அந்த அளவைத் தொடுவது கடினம். எங்கள் பழைய சமையலில் அது தானாக வந்துவிடும்.

காலையில் வெள்ளை மாவுக்குப் பதில் சிவப்பரிசி மா அல்லது குரக்கன் மா. மத்தியானம் தீட்டாத சிவப்பரிசிச் சோறு, மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் மிக நல்லது. கறிகளில் ஒன்று கட்டாயம் இலை: முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், அகத்தி, பொன்னாங்காணி. இன்னொன்று வாழைப்பொத்தி, வாழைக்காய், பலாக்கொட்டை, பயற்றங்காய் என்று மாறி மாறி வரட்டும். வாழைக்காய் பழுக்க முன் அதில் இருக்கும் மாப்பொருளில் ஒரு பங்கு சமிக்காமல் பெருங்குடலுக்கே போகிறது. நீர்வேலிப் பக்கம் குலை வாங்குகிறவர்கள் ஒரு சீப்பைக் காயாகவே கறிக்கு வெட்டலாம். உரும்பிராய், சுன்னாகம் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயத்தைச் சம்பலில் பச்சையாகக் கூட்டிப் போடுங்கள்.

ஒடியல் கூழைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்து இடித்த மா அது. நார் நிறைந்தது. கூழ் காய்ச்ச முன் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிடுவோம், கயர் போக. பிறகு அதில் மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, நண்டு, இறால், மீன், புளி, செத்தல் மிளகாய். ஒரே சட்டியில் எத்தனை வகை நார் என்று எண்ணிப் பாருங்கள். குடலுக்கு அளவைப் போலவே வகையும் முக்கியம், ஏனென்றால் ஒவ்வொரு பக்டீரியாவுக்கும் பிடித்த நார் வேறு. மழைக்காலத்தில் பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்துவிட்டு எழும்பினால், அன்று பின்னேரம் எந்தக் கடை வாசலும் என்னை மறித்ததில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாதீர்கள். வயிறு ஊதும், வாய்வு பிடிக்கும், "இது எனக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவீர்கள். முதல் நாலு நாளைக்குக் காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரைக் கூட்டிக் குடியுங்கள். கடலை, கௌபீ போன்றவற்றை இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். ஊதல் குறையும்.

படி 3: புளித்தது ஒன்று, ஒவ்வொரு நாளும்

2021இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு நார் கூடிய சாப்பாடும் மற்றப் பகுதிக்குத் தயிர் போன்ற புளித்த சாப்பாடும் 10 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். புளித்ததைச் சாப்பிட்டவர்களின் குடலில் பக்டீரியா வகைகள் கூடின. எங்கள் வீட்டில் இதற்குப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை.

தோசை புளித்ததுதான், ஆனால் கல்லில் சுடும்போது பக்டீரியா செத்துவிடும். உயிரோடு போய்ச்சேர வேண்டுமானால் தயிர், மோர், பழஞ்சோறு.

பழஞ்சோற்றில் இரட்டை நன்மை இருக்கிறது. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பங்கு இறுகி, சிறுகுடலில் சமிக்காததாக மாறுகிறது. அது பக்டீரியாவின் தீன். தண்ணீரில் ஊறிப் புளிக்கும்போது பக்டீரியாவும் வந்து சேருகிறது. செய்முறை: இரவுச் சோறு ஆறியவுடன், நேரம் கடத்தாமல், மண்சட்டியில் போட்டுக் கொதித்தாறிய தண்ணீரை மூழ்குமட்டும் விட்டு மூடுங்கள். காலையில் தண்ணீர் கலங்கி, சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் நிற்கும். மோர் மாதிரி மணக்கும். அது சரியான பதம். நூல் மாதிரி இழுபட்டாலோ நாறினாலோ கொட்டிவிடுங்கள். எங்கள் வெக்கையில் சோற்றைத் திறந்தபடி மணிக்கணக்காக வைத்தால் நஞ்சு சுரக்கும் பக்டீரியாவும் வளரும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் பழஞ்சோற்றை விட்டுவிட்டு, வீட்டில் காய்ச்சிய பாலில் உறைய வைத்த தயிரோடு நிற்கலாம்.

அம்மம்மா பழஞ்சோற்றைக் கையால் பிழிந்தெடுத்து, தயிர், உப்பு, அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், முதல்நாள் மரக்கறியில் மிச்சம் எல்லாம் போட்டுக் குழைப்பா. நாங்கள் வட்டமாக இருப்போம். உள்ளங்கையில் உருட்டி ஆளுக்கொரு கட்டியாக வைப்பா. விரலிடுக்கில் வழியும் தயிரை நக்கிக்கொண்டு அடுத்த கட்டிக்குக் கை நீட்டுவோம். பத்து மணிக்கு யாரும் விசுக்கோத்துக் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

படி 4: இப்போது சீனிக்கு வாருங்கள்

மூன்றாம் கிழமை தொடக்கம். ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி, இயன்றால் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. நாலு தேத்தண்ணிக்கு மும்மூன்று கரண்டி போட்டால் பன்னிரண்டு. பணிஸ், சோடா, ஐஸ்கிறீம் இன்னும் கணக்கில் வரவில்லை.

கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள். நாக்கும் அதற்கேற்பப் பழகும். மூன்று கரண்டியில் இருந்து ஒன்றுக்கு வர எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இப்போது யாராவது வீட்டில் மூன்று கரண்டி போட்டுத் தந்தால் பாணி குடிப்பது போல இருக்கிறது.

இந்த இடத்தில் ஊரில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். பனங்கட்டியும் சீனிதான். தாதுப்பொருட்கள் கொஞ்சம் கூட இருக்கும், மணமும் நல்லது, ஆனால் பனங்கட்டி வரும் ஓலைக் குட்டானைத் திறந்து வைத்துக்கொண்டு கடித்துக் கடித்து நாலு பிளேன்ரீ குடித்தால் கணக்கு ஒன்றுதான். ஒரு சின்னத் துண்டோடு நிறுத்துங்கள். தேனும் அப்படியே. சீனி இல்லாத இனிப்புக் குளிசைகளை எடை குறைக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. கடையில் விற்கும் பக்டீரியாக் குளிசைகளும் ஆசையைக் குறைக்கத் தேவையில்லை. அந்தக் காசுக்கு ஒரு மாதத் தயிர் வாங்கலாம்.

நாலு மணி இடத்தில் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். நான் வைப்பது அவித்த கடலை, தேங்காய்ச் சொட்டு, வெங்காயம், ஒரு பிளேன்ரீ. பனங்கிழங்குக் காலத்தில் அவித்த கிழங்கு. மற்ற நாளில் கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் இரண்டு துண்டு. மெல்லுவதற்கே கால் மணித்தியாலம் போய்விடும்.

படி 5: நாளை எண்ணுங்கள்

2014இல் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டை மாற்றிய சில நாட்களுக்குள்ளேயே குடல் பக்டீரியாக் கூட்டம் மாறியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அதே வேகத்தில் பழையபடி ஆனது. ஆகவே மூன்று நாள் விரதம் மூன்று நாளைக்குத்தான்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் எங்கள் வீட்டில் 25 நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை. மச்சச் சட்டிகள் கழுவி மேலே ஏறிவிடும். முதற் கிழமை என் மகன்மார் பொரித்த மீனைக் கனவில் காண்பார்கள். தேருக்குக் கிட்ட வரும்போது அந்தப் பேச்சே எழாது. வீட்டில் மணம் இல்லாததும், கோயில் நினைவும் அதற்குக் காரணம்தான். ஆனாலும் பழக்கம் மாற எத்தனை நாள் கொடுக்க வேண்டும் என்பதற்கு அந்த 25 நாள் எனக்கு நல்ல அளவுகோல். உங்கள் கொப்பியிலும் அத்தனை நாள் எழுதிவிட்டுத்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கச்சி போன வருடம் வந்து ஒன்றரை மாதம் நின்றாள். "அக்கா, இங்க வந்து ரெண்டாம் கிழமையோட சொக்லேட் நினைப்பே வாறேல்லை. அங்க போனா ஒரு மாசத்தில பழையபடி வந்திடும்" என்றாள். தென்கிழக்கு ஆசியாவில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய மொங், கரென் இன மக்களை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே அவர்களின் குடல் பக்டீரியா மேற்கு நாட்டுச் சாயலுக்கு மாறத் தொடங்கியது. நாரைச் செரிக்கும் வகைகள் குறைந்தன. பிள்ளைகள் தலைமுறையில் அது இன்னும் கூடியது. தங்கச்சிக்கு இதை வாசித்துக் காட்டினேன். போகும்போது ஒடியல் மா இரண்டு கிலோவும் குரக்கன் மாவும் கட்டிக்கொண்டு போனாள்.

கவனிக்க வேண்டியவர்கள்

நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள், சாப்பாட்டை மாற்ற முன் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். சீனி திடீரென்று இறங்கினால் ஆபத்து. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு கீரை, வாழைக்காய், கிழங்கு எவ்வளவு சாப்பிடலாம் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். குடற்புண், குடல் அழற்சி இருந்தாலும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

தடிமனுக்கெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு அன்டிபயோட்டிக் வாங்கிப் போடாதீர்கள். தடிமனைக் கொண்டுவருவது வைரஸ், அதற்கு அது வேலை செய்யாது. ஆனால் குடலில் நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த கூட்டத்தை அழிக்கும். டொக்டர் எழுதித் தந்தால் மட்டும் எடுங்கள், சொன்ன நாள்வரை முழுதாக எடுங்கள்.

கலியாண வீடு வரும், பிறந்தநாள் வரும், நண்பர்களோடு கொத்து சாப்பிடப் போக நேரும். போங்கள், சாப்பிடுங்கள், கொப்பியில் எழுதுங்கள். அன்று இரவே சோற்றுக்குத் தண்ணீர் விட்டு மூடிவிட்டுப் படுங்கள். காலையில் குழைக்கும்போது வெங்காயம் இரண்டு கூட அரியுங்கள்.